பச்சைப்பிள்ளைத் தோல்

ஆம்பளை முகத்தின்மேல் எனக்கு எப்போதுமே பெரிய மரியாதை இருந்ததில்லை. மாத்தளைப் பக்கம் எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினேழு வருஷம் மருத்துவிச்சி வேலை பார்த்தவள் நான். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் "மிஸ்ஸி". நான் பார்த்த ஆம்பளை முகங்கள் எல்லாம் ஒரே தினுசுதான். உள்ளே பெண்டாட்டி வலியில் கத்திக்கொண்டிருப்பாள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் இவன் வெளிறிப்போய், அணைந்த பீடியை உறிஞ்சிக்கொண்டு நிற்பான். "தள்ளி நில்லுப்பா, வெந்நி கொண்டா" என்பதைத் தவிர அந்த முகங்களோடு எனக்கு வேறு பேச்சு கிடையாது.

அப்படிப்பட்டவளை ஓர் ஆம்பளையின் கன்னத்தைப் பற்றி வருஷக்கணக்கில் கவலைப்பட வைத்த புண்ணியவான் எங்கள் டீமேக்கர் ஐயா.

ஃபெக்டரியில் பச்சைக் கொழுந்தைத் தேயிலையாக்கி இறக்கும் வேலைக்கு அவர்தான் தலை. ஆறடி ஆள். மெஷின் சத்தத்துக்கு மேலே அவர் சத்தம் கேட்கும். கொழுந்தை ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்தாரென்றால், அது எந்த மலையில் பறித்தது, பறித்தவள் கூடையை வெயிலில் வைத்துவிட்டு எவ்வளவு நேரம் கதை பேசினாள் என்பதுவரை சொல்லிவிடுவார். எல்லாம் சரி. ஆனால் காலையில் சவரக்கத்தி ஒரு தடவை கன்னத்தில் போய்வந்தால் போதும், பத்து மணிக்குள் தாடை முழுக்கச் சிவந்து தடித்து, கழுத்தில் பொரிப்பொரியாகக் கிளம்பிவிடும். டொக்டர் ஐயா சிரிக்கிறார் என்று அவரிடம் போகமாட்டார். என்னிடம் வருவார். நானும் சிரிப்பேன், ஆனால் மருந்தைப் பூசிக்கொண்டே சிரிப்பேன்.

"மிஸ்ஸி, இது என்ன வியாதி?" என்று முதல்முறை வந்தபோது கேட்டார்.

"வியாதி ஒண்ணும் இல்லீங்க ஐயா. தோல் பச்சைப்பிள்ளைத் தோல். முடி மட்டும் வயசுக்கு வந்திருச்சு."

நான் கிண்டல் செய்தேன். மனுஷர் அதை மருத்துவச் சான்றிதழாக எடுத்துக்கொண்டுவிட்டார். அன்றிலிருந்து போகிற இடமெல்லாம், "எனக்குப் பச்சைப்பிள்ளைத் தோல், மிஸ்ஸியே பாத்துச் சொல்லியிருக்காங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்படியென்றால் சவரமே செய்யாமல் இருந்து தொலைக்கவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பெரிய துரை விட்டால்தானே! அந்தப் பக்கத்து மலைகளில் மிச்சமிருந்த கடைசி வெள்ளைக்காரத் துரைகளில் ஒருவர் அவர். ஸ்டாஃப் என்றால் விடியும்போதே முகம் மழமழவென்று இருக்கவேண்டும். ஒருநாள் தாடி என்றால் ஏச்சு. மூன்று நாள் தாடி என்றால் வேறு தோட்டம் பார்த்துக்கொள்ளலாம். சின்னக் கிளாக்கர் ஒருவர் அப்படித்தான் பெட்டி கட்டினார். வேலை போனால் குவாட்டர்ஸும் சேர்ந்து போகும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

துரையிடம் மூன்று காரணங்கள் மட்டும் செல்லும். நெடுங்காலம் மலையில் கிடந்து நம்முடைய வழக்கமெல்லாம் கற்று வைத்திருந்தார். கதிர்காமத்துக்கு விரதமா, தாடி வைக்கலாம். வீட்டில் சாவு விழுந்திருக்கிறதா, வைக்கலாம். பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் பிள்ளை பிறக்கும்வரை புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது நம் ஆட்கள் வழக்கம். அதற்கும் துரை தலையாட்டுவார். இந்த மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஆள் மூன்றையும் ஒரு கை பார்த்தார்.

ஆனால் அது பிற்பாடு. முதலில் அவர் நேர்வழியில்தான் போனார். நேர்வழி என்றால் சவுக்காரம் தேடுவது.

சவரச் சவுக்காரம் வாங்க எத்தனை நேரம் ஆகும்? எனக்குத் தெரிந்து சாமானியனுக்கு, கடைக்காரர் சில்லறை பொறுக்குகிற நேரம். இவருக்கு ஒரு மாதம். தோலுக்கும் ஒத்துவரவேண்டும், மூக்குக்கும் ஒத்துவரவேண்டும். தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் தூள் சலிக்கிற பெண்கள் பூ வைத்துக்கொண்டு ஃபெக்டரிக்குள் கால் வைக்க முடியாது. அப்படிச் சட்டம் போட்டவரே ரோஜாப்பூ வாசனைச் சவுக்காரம் பூசிக்கொண்டு போக முடியுமா?

எங்கள் குவாட்டர்ஸும் அவர்கள் குவாட்டர்ஸும் ஒரே சுவர். ஞாயிற்றுக்கிழமை காலை செம்பரத்தை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால் பின்வாசலில் பரீட்சை நடக்கும். தேயிலையை ஊற்றிச் சுவை பார்க்கிற வெள்ளைக் கோப்பைகள் ஆறு வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சவுக்காரம் சீவிப் போட்டு, வெந்நீர் விட்டு, பிரஷால் அடித்து நுரை எழுப்புவார். குனிந்து மோந்து பார்ப்பார். இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பார். பிறகு சட்டையைச் சுருட்டிவிட்டு, இடது முழங்கைக்கு உள்பக்கம், தோல் மெல்லிசாக இருக்கிற இடத்தில் ஊதாப் பென்சிலால் ஒன்று முதல் ஆறுவரை நம்பர் போட்டு, நம்பருக்குக் கீழே ஒவ்வொரு நுரையாகத் தடவிக்கொள்வார். மறுநாள் எந்த நம்பருக்குக் கீழே சிவக்கவில்லையோ அதுதான் கன்னத்துக்குப் போகும்.

"கையிலேயே தாங்காதது கன்னத்தில எப்படித் தாங்கும் மிஸ்ஸி? ரெண்டு நாள் பொறுக்கணும்" என்பார். "நுரை பெருசு பெருசா கிளம்பினா அதுல காத்துதான் இருக்கு. பொடிசா, கெட்டியா, தயிரு மாதிரி நிக்கணும். டியூப்ல வர்ற கிரீமெல்லாம் வேகமா காயும், காஞ்சா கத்தி தோலைத்தான் சீவும். முதல்ல சூட்டுத் துணிய வச்சு முடிய ஊறப் போடணும். முடி போற பக்கம்தான் கத்தி போகணும், எதிர்த்து இழுக்கப்படாது."

இதையெல்லாம் எதற்கு என்னிடம் சொல்கிறார் என்று எனக்குப் பல தடவை கோபம் வந்திருக்கிறது. எனக்கு என்ன, தாடியா முளைத்திருக்கிறது?

ஒரு தடவை மருந்துச் சாமான் எடுக்க மாத்தளைக்கு லொறியில் போனபோது அவரும் ஏறிக்கொண்டார். டவுனில் அவர் வழக்கமாகப் போகிற ஃபேன்சிக் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்கார முஸ்லிம் நானா இவரைக் கண்டதும் முகம் சுண்டிப் போனார். நம்ம ஆள் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மோந்தார்.

"நானா, இதில மல்லிகை போட்டிருக்கான்."

"மல்லிகை நல்லந்தானே ஐயா?"

"உங்க கடைக்கு நல்லது. என் கன்னத்துக்கு ஆகாது. இது என்ன, எலுமிச்சையா? இதைப் பூசினா நான் செத்தேன்."

"ஐயா, இது சவுக்காரம், தேத்தண்ணி இல்ல. இப்பிடி ஒண்ணொண்ணா மோந்தா வேற ஆள் எப்பிடி வாங்குவாங்க, செல்லுங்க பாப்பம்?" நானா என் பக்கம் திரும்பினார். "மிஸ்ஸி, அல்லாட காவல், பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்வளவு நேரம் பாக்கமாட்டான்!"

கடைசியில் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளை அட்டைப் பெட்டி வந்தது. உள்ளே உருண்டையாக ஒரு சீமைக் கட்டி. வாசனையே கிடையாது. அதுதான் ஊதாப் பென்சில் பரீட்சையில் பாஸானது. அதற்கப்புறம் இரண்டு மூன்று வருஷம் டீமேக்கர் ஐயாவின் கன்னம் கோயில் மணிபோலப் பளபளவென்று இருந்தது. எங்களுக்கெல்லாம் நிம்மதி. அவர் சம்சாரம் சரோஜாதான் அதிக நிம்மதிப்பட்டவள்.

சரோஜா பேச்சு குறைவு, பார்வையிலேயே ஏசுவாள். கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. ஒன்று வந்து மூன்றாம் மாதத்தில் போனது. அன்றைக்கு நான்தான் பக்கத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அப்புறம் வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலம் வந்தது. நானா கையை விரித்துவிட்டார். இருந்த கடைசிக் கட்டியை இவர் பூணூல் போட்ட ஐயர் பிரசாதம் கொடுக்கிற மாதிரி கிள்ளிக் கிள்ளிப் பாவித்தார். தேய்ந்து தேய்ந்து விரல்நகம் அளவு வந்ததும் அதையும் வெந்நீரில் கரைத்து ஒரு வாரம் ஓட்டினார். பிறகு என்ன, ஊரில் கிடைத்ததெல்லாம் கன்னத்தில் ஏறி இறங்கியது. தேங்காயெண்ணெய் பூசினார், கத்தி வழுக்கிக் காதோரம் வெட்டியது. பயத்தமாவு பூசினார், அது காய்ந்து அடையாக ஒட்டிக்கொண்டது. கொழும்பிலிருந்து யாரோ கொடுத்த பழைய டியூப் கிரீமைப் பூசிய அன்று முகம் வீங்கியது மட்டுமில்லை, மூன்று நாள் தேயிலையெல்லாம் புதினா மணக்கிறது என்று ஃபெக்டரியில் எல்லாரோடும் சண்டை.

"ஐயா, இந்த முகத்தோட துரை முன்னாடி போகாதீங்க, துரை பயந்துருவார்" என்றேன் மருந்து பூசும்போது.

"கதிர்காமத்துக்கு மாலை போடப்போறேன் மிஸ்ஸி" என்றார்.

பக்தி என்று நினைத்தேன், பாவி நான். நாற்பத்தெட்டு நாள் விரதம், நாற்பத்தெட்டு நாள் தாடி, கன்னத்துக்கு நாற்பத்தெட்டு நாள் லீவு! கழுத்தெல்லாம் ஆறி மனுஷர் தேறினார். ஆனால் கதிர்காமத்தில் மொட்டை போடும்போது நாவிதர் தலையோடு சேர்த்துத் தாடியையும் வெறும் ஆற்றுத்தண்ணீரில் வழித்துவிட்டார். தலையில் ஒரு கீறல் இல்லை. கன்னம் மட்டும் குங்குமம் கொட்டிய மாதிரி திரும்பி வந்தது.

அடுத்த மாதமே பலாபத்வலையில் அவருடைய சித்தப்பா காலமானார். உயிரோடு இருந்தபோது இவர் அந்தச் சித்தப்பாவை எட்டிப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. செத்தபிறகு பொங்கி வந்தது பாருங்கள் பாசம்! பெற்ற பிள்ளைகளே பதினாறாம் நாள் சவரம் செய்துகொண்டுவிட்டார்கள். இவர் முப்பத்தொரு நாள் துக்கம் காத்தார்.

முப்பத்திரண்டாம் நாள்தான் வினை. கர்ப்பிணிப் பெண்களின் பதிவுப் புத்தகத்தில் துரையின் கையெழுத்து வாங்க நான் ஆபிஸுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் டீமேக்கர் ஐயா தாடியோடு நிற்கிறார். துரைக்குக் கோபம் தமிழில்தான் வரும்.

"சித்தப்பா செத்து எத்தனை நாள்?"

"முப்பத்திரண்டு, சேர்."

"அப்ப இது என்ன மூஞ்சி? நாளைக்கும் இப்படி வந்தா நீ டீமேக்கர் இல்ல. கேக்குதா?"

இவர் தரையைப் பார்த்தார். ஃபெக்டரியை நடுங்க வைக்கிற குரல் எங்கே போனதோ! துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். திடீரென்று துரையின் முகம் மலர்ந்தது.

"போன வாரம் உன் பொஞ்சாதி ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருந்தா. நான் கண்டேன். முழுகாம இருக்காளா?"

சரோஜா வந்தது காய்ச்சல் மாத்திரைக்கு. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அவருடைய தலை மேலும் கீழுமாக ஆடியது. என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

துரை எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எட்டு வருஷம் கழித்து என்றால் சும்மாவா! பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ்ஸி, ஏன் எனக்குச் சொல்லலே? புத்தகத்தில எழுது. ஒவ்வொரு வாரமும் போய்ப் பாரு."

எனக்கு வாய் நீளம் என்று தோட்டமே சொல்லும். அந்த நீள வாய் அன்றைக்குத் திறக்கவே இல்லை. திறந்தால் அவர் வேலை போகும்; மூடினால் பொய் எழுதியதாக ஒருநாள் என் வேலை போகும். புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஃபெக்டரி வளைவில் அவரைப் பிடித்தேன். "என்னங்க ஐயா இது அநியாயம்?"

"தலை தானா ஆடிருச்சு மிஸ்ஸி."

"தலை ஆடினா வயிறு வந்திருமா?"

"ஒன்பது மாசம் இருக்கே. அதுக்குள்ள கப்பல்ல சவுக்காரம் வந்திரும்."

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

அதை அவர் யோசிக்கவே இல்லை. கன்னத்தைப் பற்றி அத்தனை யோசிக்கிற ஆள், சரோஜாவைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. எனக்கு அங்கேயே அவரை ஓங்கி ஓர் அறை விடவேண்டும் போல இருந்தது. அந்தக் கன்னத்தைப் பார்த்துத்தான் கையை அடக்கிக்கொண்டேன்.

நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னே சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலில் நாலைந்து கொழுந்து பறிக்கிற பெண்கள். ஒருத்தி மாங்காய், ஒருத்தி புளிப்பான அம்பரெல்லாக் காய், ஒருத்தி புளி. "அம்மாவுக்கு வாய்க்கு நல்லா இருக்கும்" என்று சரோஜாவின் மடியில் போட்டுவிட்டு, கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனார்கள். சரோஜா மடியை ஏந்திக்கொண்டே நின்றாள். அவர்கள் போனதும் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அக்கா, எனக்கே தெரியாம எனக்கு இது எத்தனாவது மாசம்?"

அவர் தலைகுனிந்து எல்லாவற்றையும் சொன்னார். சரோஜா ஏசவில்லை, அழவில்லை. மாங்காயை எல்லாம் எடுத்துக் கூடையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவள் வீம்பு மறுநாள் தொடங்கியது. சும்மா சொல்லக்கூடாது, ரசித்தேன்.

"பிள்ளைத்தாச்சி அடுப்பூதப்படாதாம்" என்றாள். டீமேக்கர் ஐயா அடுப்பூதினார். பிள்ளைத்தாச்சி தண்ணீர் தூக்கக்கூடாது, விறகு உடைக்கக்கூடாது. ஆறடி உடம்பு தண்ணீர் கொட்டுகிற பீலிக்கும் வீட்டுக்கும் வாளியோடு நடந்தது. மங்குஸ்தான் தின்ன ஆசை வந்தது. அது யட்டவத்தைச் சந்தையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் வாங்கி வந்தால், ஆசை பலாக்கொட்டைக்கு மாறியிருந்தது. எல்லாவற்றிலும் உச்சம், தேயிலை வாசனை வயிற்றைப் புரட்டுகிறது என்று அவள் சொன்னதுதான். தலைமுதல் கால்வரை தேயிலை மணக்கிற மனுஷர் தினமும் வேலைவிட்டு வந்து, அந்த மலைக்குளிரில் வெளிப்பீலியில் குளித்துவிட்டுத்தான் வாசல்படி ஏறலாம். வேலிக்கு இந்தப்பக்கம் நின்று நான், "ஐயா, காதுக்குப் பின்னால இன்னும் மணக்குது" என்று எடுத்துக் கொடுப்பேன்.

மாங்காயை மட்டும் அவள் தொடவே இல்லை. வர வர அவற்றையும் அவரே தின்று தீர்க்கவேண்டியிருந்தது.

நான் பதிவுப் புத்தகத்தில் சரோஜாவின் பெயரைப் பென்சிலால் எழுதி, பக்கத்துக் கட்டங்களை வெறுமையாக விட்டுவைத்தேன். ஒவ்வொரு வாரமும் துரை கேட்பார். நல்லாயிருக்காங்க சேர் என்பேன். அது பொய்யில்லை, நன்றாகத்தானே இருந்தாள். கப்பல் வரவில்லை. தாடி மார்பை நோக்கி இறங்கியது. ஐந்தாம் மாதக் கணக்கும் வந்துவிட்டது.

அப்போது ஒருநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் கொழுந்து லொறி அவர்கள் வாசலில் வந்து நின்றது. இரண்டு பேர் ஒரு மரத்தொட்டிலை இறக்கி வைத்தார்கள். துரை தோட்டத்து ஆசாரியிடம் சொல்லிச் செய்வித்தது. பலாமரம், நல்ல இழைப்பு, நான்கு பக்கமும் கிளி செதுக்கியிருந்தது. சரோஜா அதன் விளிம்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

டீமேக்கர் ஐயா வாசலில் என்னிடம் குரலைத் தணித்துச் சொன்னார். "மிஸ்ஸி, இதுக்கு மேல தாங்காது. கலைஞ்சிருச்சுன்னு எழுதிருங்க. எல்லாம் முடிஞ்சிரும்."

அவர் தணிந்த குரலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். சரோஜா வெளியே வந்தாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது.

"எனக்கு ஒண்ணு நெசமாவே போச்சுங்க. ஞாபகம் இருக்கா? நீங்க அன்னைக்கு ஃபெக்டரியில இருந்தீங்க. அக்காதான் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாங்க." அவள் குரல் உயரவே இல்லை. "உங்க கன்னத்துக்காக இன்னொண்ணப் பொய்யாக்கூட நான் சாகக் குடுக்கமாட்டேன். வேலை போனா போகட்டும். லயத்தில இருந்துக்குவோம். எனக்கு மாங்கா கொண்டுவந்த பொம்பளைங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை செம்பரத்தை வேலிக்கு மேலே பார்த்தபோது கோப்பை இல்லை, பென்சில் இல்லை, சூட்டுத் துணியும் இல்லை. துணி துவைக்கிற மஞ்சள் சவுக்காரத்தைத் தாடியில் அப்படியே தேய்த்து, பச்சைத் தண்ணீரில், முடிக்கு எதிர்ப்பக்கமாகவே கத்தியை இழுத்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

ஆபிஸுக்கு நானும் கூடப் போனேன். எனக்கும் பென்சிலில் எழுதிய ஒரு பெயருக்குக் கணக்குச் சொல்லவேண்டியிருந்தது. துரையின் முன்னால் அந்த முகம் துருவிய பீட்ரூட்டாக நின்றது. தாடையில் இரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. அவர் சொல்லவேண்டியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். என்மேல் ஒரு பழியும் வராமல் பார்த்துச் சொன்னார். துரை தன் கழுத்தைத் தடவினார். அப்போதுதான் கவனித்தேன், துரையின் கழுத்திலும் இரண்டு வெட்டு, அதில் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. சீமைச் சவுக்காரம் அவருக்கும்தானே நின்றுபோயிருந்தது.

"இதுக்கு எந்தச் சவுக்காரம் போட்டே?" என்று கேட்டார்.

"துணிக்குப் போடுறது, சேர்."

துரை கண்ணை மூடிக்கொண்டார். "உன்ன வேலையில இருந்து நிப்பாட்டணும். ஆனா உன்ன மாதிரி தேயிலை போட இங்க ஆள் இல்ல. மூஞ்சி ஆறும்வரைக்கும் கத்தியத் தொடாதே." பிறகு விரலை நீட்டி, "அடுத்த தடவை முழுகாம இருந்தா மிஸ்ஸி வந்து சொல்லணும். நீ சொன்னா நான் நம்பமாட்டேன்" என்றார். தொட்டிலைத் திருப்பிக் கொண்டுவரவா என்று நான் கேட்டதற்கு, அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்தார்.

பகல் கொழுந்து நிறுக்கும்போது மடுவத்துக் கொட்டகையில் நூறு பெண்களாவது வரிசையில் இருந்திருப்பார்கள். அவர் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஃபெக்டரி ரோலர் மெஷினை மிஞ்சுகிற அந்தக் குரல் திரும்ப வந்திருந்தது.

"எங்க வீட்ல முழுகாம இல்ல. சவரம் பண்ணப் பயந்து நான்தான் துரைக்குப் பொய் சொன்னேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அவளை யாரும் ஒண்ணும் கேக்காதீங்க."

கூடையை இறக்கிவைத்த ஒருத்தி கேட்டாள். "அப்ப நாங்க குடுத்த மாங்காவெல்லாம் யாருங்கய்யா தின்னது?"

"நான்தான் தின்னேன்."

"அட, அப்ப முழுகாம இருக்கிறது நீங்கதானுங்களா?"

மடுவத்துத் தகரக்கூரை அதிர்ந்தது. நானும் சிரித்தேன். வீங்கிய முகத்தோடு அவரும் சிரிக்கப் பார்த்தார், வலித்தது போலும், பாதியில் நிறுத்திக்கொண்டார். அன்று சாயந்தரம் நாலைந்து பெண்கள் சரோஜாவைப் பார்க்க மறுபடி போனார்கள். இந்தத் தடவை வெறுங்கையோடு போய் நெடுநேரம் இருந்து பேசிவிட்டு வந்தார்கள்.

துரை கொஞ்ச நாளில் கப்பலேறிவிட்டார். புதிதாக வந்த துரைக்குத் தாடி மீசையைப் பற்றிக் கவலையில்லை; தேயிலை நன்றாக இருந்தால் போதும். டீமேக்கர் ஐயா நிம்மதியாகத் தாடி வைத்துக்கொண்டார். இரண்டு வருஷம் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

ஒருநாள் காலை நான் கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்கிறார். முகம் வழித்திருக்கிறது. தாடையெல்லாம் பழையபடி சிவந்து, கழுத்தில் பொரி.

"என்னங்க ஐயா கோலம் இது? யாரு சவரம் பண்ணச் சொன்னா? புதுத் துரையுமா?"

"சரோஜா இன்னும் சொல்லலையா மிஸ்ஸி?" என்றார். "நாள் தள்ளிப்போயிருக்கு. ரெண்டு மாசம். நெசம்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்புறம் கோபம் வந்தது. "அட கூறுகெட்ட மனுஷா, ஊர்ல உள்ள ஆம்பளையெல்லாம் இப்பத்தான்யா தாடி வைப்பான்! இப்பப் போய் வழிச்சுட்டு வந்து நிக்கிறீங்க!"

"அந்தத் தாடிய நான் முந்தியே செலவழிச்சுட்டேன் மிஸ்ஸி" என்றார். "இப்ப நான் தாடியோட திரிஞ்சா யாராச்சும் பழசச் சொல்லிச் சிரிப்பாங்க. அது அவ காதில விழும்."

மருந்துப் போத்தலைத் திறந்தேன். அன்றிலிருந்து ஏழு மாதம், ஒருநாள் விடாமல், கிடைத்த சவுக்காரத்தில் சவரம். யட்டவத்தைப் பக்கத்துக் கொக்கோத் தோட்டத்திலிருந்து கொக்கோ வெண்ணெய் வாங்கி வந்து சரோஜா உருக்கிப் பூசிவிடுவாள். அதில் பாதி எரிச்சல் அடங்கும். மீதிப் பாதியோடு அவர் வேலைக்குப் போவார். ஒரு தடவைகூட வலிக்கிறது என்று என்னிடம் சொல்லவில்லை, அந்த ஏழு மாதம்தான் அவர் கன்னத்தைப் பற்றிப் பேசாமல் இருந்த காலம்.

பிள்ளை பிறந்தபோது காலை பதினொரு மணி, நல்ல வெயில். வாசலில் அவர் நின்றார். பீடி இல்லை, வழித்த முகம், தாடையில் புது வெட்டு. பொம்பளைப்பிள்ளை என்றேன். உள்ளே வந்தார். முதலில் சரோஜாவின் தலையைத் தடவினார். பிறகு குழந்தையை வாங்கி, தன் சொரசொரத்த முகத்துக்கு எட்டாத தூரத்தில் ஏந்தி, அதன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எடை கேட்கவில்லை, நிறம் கேட்கவில்லை, யார் சாயல் என்று கேட்கவில்லை. அவர் மூக்கு மெல்லச் சுழித்தது. என் பையிலிருந்து எட்டிப் பார்த்த சிவப்பு ஆஸ்பத்திரிச் சவுக்காரத்தைக் கண்டுவிட்டார்.

"மிஸ்ஸி, இதிலயா பிள்ளையக் குளிப்பாட்டப் போறீங்க?"

"ஏன் ஐயா?"

"என் தோலா இருந்தா?"

சவுக்காரத்தைப் பைக்குள் தள்ளிவிட்டு, "வெறும் வெந்நிதான் ஐயா, சவுக்காரமே வேண்டாம்" என்றேன்.

அப்போதும் அவருக்கு மனசு ஆறவில்லை. குழந்தையைச் சரோஜாவிடம் கொடுத்துவிட்டு, இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டி, தோல் மெல்லிசாக இருக்கிற உள்பக்கத்தை என் முன்னால் நீட்டினார்.

"மொதல்ல இதில ஊத்திப் பாருங்க."

ஊற்றினேன்.